முடக்குவாதம்: பிரேக் பிடிக்காத வெள்ளணுக்கள்

காலையில் பல் விளக்க பிரஷைப் பிடித்தால் விரல் மடங்காது. மோட்டார் சைக்கிள் கிளட்சை அழுத்தினால் உயிர் போகும். பத்து மணிக்கு மேல்தான் கை கொஞ்சம் இளகும். பினாங்கில் இந்தக் குறையோடு வருகிறவர்கள் பலர் காரணத்தையும் கையோடு கொண்டுவருவார்கள்: "யூரிக் ஆசிட்தான் டாக்டர்." பருப்பை நிறுத்தி மாதக்கணக்கில் ஆகியிருக்கும்.

யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வருவது கௌட். அது பெரும்பாலும் ஒற்றை மூட்டில், கால் பெருவிரல் அடியில், ஒரே இரவில் சிவந்து வீங்கும். ஒன்றிரண்டு வாரத்தில் தணியும். முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) பொதுவாக இரண்டு கையிலும் வரும். மணிக்கட்டு, விரல்களின் அடிமூட்டு, நடுமூட்டு என்று பிடிக்கும். நகத்தை ஒட்டிய நுனிமூட்டை அநேகமாக விட்டுவிடும். காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கும். நான்கு விரல்களின் அடிமூட்டுகளையும் கைகுலுக்குவதுபோல் பக்கவாட்டில் சேர்த்து இலேசாக அமுக்கிப் பாருங்கள். சுருக்கென்று வலித்து, வீக்கமும் இருந்தால், கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு கிளினிக்) கடிதம் வாங்கி மூட்டுநோய் நிபுணரைப் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

ஏன் அவசரம்? நம் புரதங்கள் சிலவற்றில் ஆர்ஜினின் என்ற பகுதி சிட்ருலினாக மாறுவதுண்டு. புகைப்பவர்களின் நுரையீரலில் இது கூடுதல். மரபணு வாகு உள்ளவர்களில் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் அதை அந்நியப் பொருளாக எடுத்துக்கொள்ள, பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் அதற்கு எதிர்ப்புப் புரதம் தயாரிக்கின்றன. ஆன்டி-சிசிபி என்ற இரத்தப் பரிசோதனை தேடுவது இந்தப் புரதத்தைத்தான். வலி தொடங்கப் பல ஆண்டுகளுக்கு முன்பே அது இரத்தத்தில் இருக்கலாம்.

சொந்த உடம்பையே தாக்கக்கூடிய டி செல்கள் எல்லாரிடமும் உண்டு. அவற்றை அடக்கி வைப்பவை ரெகுலேட்டரி டி செல்கள். 1995இல் ஷிமோன் சகாகுச்சி இவற்றை அடையாளம் காட்டினார். மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரோடும் 2025இல் மருத்துவ நோபல் பெற்றார். முடக்குவாதம் வந்த மூட்டின் நீரை ஊசியால் எடுத்துப் பார்த்தால் இந்தச் செல்கள் தாராளமாகவே இருக்கும். ஆனால் டிஎன்எஃப், ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் நிறைந்த இடத்தில் அவற்றின் அதட்டல் எடுபடாது. பாசார் மாலாம் (இரவுச் சந்தை) இரைச்சலில் ஊதிய விசில் மாதிரி.

இப்படி அதட்டல் எடுபடாத மூட்டில் உள்சவ்வு தடித்துக் குருத்தெலும்பின் மேல் படர்ந்து, நொதிகளால் அதைக் கரைக்கிறது. ராங்க்-எல் என்ற சமிக்ஞை எலும்பை அரிக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைப் பெருக்குகிறது. சிகிச்சை இல்லையென்றால் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே பலருக்கு எக்ஸ்ரேயில் அரிப்பு தெரியும். போன எலும்பைப் பழையபடி வளர்க்க மருந்தில்லை.

டைக்லோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகள் இந்த அரிப்பைத் தொடாது. அதைவிட மோசம், "மூட்டுவலிக்கு மூலிகை" என்று கைமாறும் பெயர் தெரியாத மாத்திரைகள். இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலப்படமோ என்று சந்தேகப்படுங்கள். மாதக்கணக்கில் விழுங்கினால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும். திடீரென்று விட்டால் இரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். எனவே நீங்களாக நிறுத்தாமல் மாத்திரையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராமும் இல்லாத எதையும் வாங்க வேண்டாம்.

நோயையே அடக்கத் தரும் முதல் மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட். இதில் நடக்கும் பிழை ஒன்று உயிரையே எடுக்கும். இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மருந்து. லேபிளில் 'செமிங்கு செகாலி' (வாரம் ஒருமுறை) என்று இருக்கும். மலாய் எழுத்தைப் படிக்கத் தடுமாறும் பாட்டி, மற்ற மாத்திரைகளைப் போல இதையும் தினம் போட்டுவிடுவார். வாய்ப்புண், காய்ச்சல், அடிமட்டத்துக்குப் போன வெள்ளணு எண்ணிக்கை என்று அது முடியும். 10 மில்லிகிராம் என்றால் 2.5 மில்லிகிராம் மாத்திரை நான்கு. கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பக்கவிளைவைக் குறைக்கும் ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் வேறொரு நாளில். வெள்ளிக்கிழமை மெத்தோட்ரெக்ஸேட் என்றால் சனிக்கிழமை ஃபோலிக்; நாள் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் வாரத்தில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தொடக்க மாதங்களில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்த எண்ணிக்கை, ஈரல், சிறுநீரகம் மூன்றையும் பார்ப்போம். மது ஆகாது. சிறுநீர்த் தொற்றுக்கு வேறு கிளினிக்கில் கோட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பதைச் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் கூடவே கூடாது. பிள்ளைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மூன்று மாதத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் மருந்தைக் கூட்டுவோம், மாற்றுவோம். டிஎன்எஃப்பைத் தடுக்கும் ஊசிகள் உண்டு. அபட்டாசெப்ட் என்ற ஊசி டி செல் கிளர்ந்தெழத் தேவையான இரண்டாவது சமிக்ஞையையே மறிக்கும்; பழுதான பிரேக்குக்கு வெளியிலிருந்து பொருத்திய பிரேக். இவற்றைத் தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம், ஏனென்றால் மலேசியாவில் உறங்கும் காசக்கிருமியோடு இருப்பவர்கள் குறைவில்லை. ஊசி போடும் காலத்தில் காய்ச்சலோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ வந்தால், அடுத்த ஊசியைப் போடுமுன் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள்.