காணிக்குள் இறங்கிய நஞ்சை எடுப்பது எப்படி?

மிதிவெடி அகற்றும் வேலையைப் பார்த்துப் பழகிய வன்னிச் சனத்துக்கு நச்சுக்கழிவுக் காணியைத் துப்புரவாக்கும் கதையில் பாதி சொல்லாமலே விளங்கும். ஊராரிடம் விசாரிப்பது, சந்தேகக் காணிக்கு எல்லை போடுவது, சோதிப்பது, அகற்றுவது, கையளிப்பது என்று ஒழுங்கு ஏறக்குறைய ஒன்றுதான். சிக்கல் மற்றப் பாதியில் இருக்கிறது. வெள்ளம் அடித்துக்கொண்டு போனாலொழிய மிதிவெடி புதைத்த இடத்திலேயே கிடக்கும். இரசாயனமோ மாரிக்கு மாரி நகரும்.

முதற்படியான பூர்வாங்க மதிப்பீட்டுக்கு மண்வெட்டி தேவையில்லை. காணியில் யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள், கழிவை எங்கே கொட்டினார்கள் என்று பழைய கோப்புகளையும் பழைய ஆட்களையும் தேடிப் பிடிக்கும் வேலை அது. ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியான ஒரு தொழிற்சாலைக் காணிக்குப் போகும் ஆய்வாளரின் முதற்கேள்வி, உப்புநீரை எந்த முறையில் மின்பகுத்தார்கள் (மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தார்கள்) என்பதாகத்தான் இருக்கும். பாதரசம் பாவிக்கும் கலம் என்றால் மண்ணில் பாதரசத்தைத் தேடவேண்டும். வேறு முறை என்றால் சோதனைப் பட்டியலே மாறிவிடும். (பாதரச முறையை 2025க்குள் கைவிடும்படி பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை சொல்கிறது.) இந்த இடத்தில் கோப்பைவிட, “அந்த மூலையிலதான் கொட்டினனாங்கள்” என்று கைகாட்டும் பழைய தொழிலாளி பெறுமதியானவர்.

அடுத்தது கள ஆய்வு. இதில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: மூலம், பாதை, பெறுநர். துருப்பிடித்து ஒழுகும் பரல் மூலம். அது இறங்கும் மணலும் நிலத்தடி நீரும் பாதை. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் குடும்பம் பெறுநர். மூன்றும் தொடுத்தால்தான் ஆபத்து. ஒன்றை அறுத்தால் ஆபத்தும் அறும். துப்புரவு முறைகள் எல்லாமே இந்தத் தொடுப்பை எங்கேயாவது அறுக்கும் வழிகள்தான்.

பாதையைக் கண்டுபிடிப்பதுதான் ஆகக் கடினம். டீசல் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது, ஆகவே நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். இயந்திரப் பாகங்களின் கிறீஸைக் கழுவப் பயன்பட்ட ட்ரைகுளோரோஎதிலீன் பாரம் கூடியது. அது நீரையும் தாண்டிக் கீழே இறங்கி, நீர் புகாத படையில் போய்த் தங்கும். வன்னியில் மாரியில் கிணறு நிரம்பும், கோடையில் அடி தெரியும். நீர்மட்டத்தோடு மிதக்கும் டீசலும் ஏறி இறங்கி, இடைப்பட்ட மண் முழுவதிலும் பூசுப்பட்டுவிடும். கோடையில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டு ‘பிரச்சினை இல்லை’ என்று எழுதும் அறிக்கையை நான் நம்பமாட்டேன். நிலத்தடிப் பாறையும் கவனத்துக்குரியது. வவுனியாவின் கடினப்பாறையில் நீர் வெடிப்புகள் வழியே ஓடும். சுண்ணாம்புக்கல் உள்ள இடங்களில் பொந்துகள் வழியே, எதிர்பாராத திசையிலும் ஓடும்.

தண்ணீரைக் கெடுக்கக் கொஞ்ச நஞ்சே போதும். கொஞ்சம் என்றால் எவ்வளவு கொஞ்சம்? பெற்றோலில் உள்ள பென்சீனுக்குக் குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிராம் பென்சீன் 1,00,000 லீற்றர் தண்ணீரை வரம்புவரை கொண்டுபோய்விடும்.

சரி, எவ்வளவு துப்புரவாக்கினால் போதும்? வீடு கட்டி, கிணறு வெட்டி, தோட்டம் செய்யப் போகிற காணிக்கு ஓர் இலக்கம், சீமெந்துத் தரை போட்ட களஞ்சியத்துக்கு வேறோர் இலக்கம். இது பொறியியலாளர் தனியே இருந்து தீர்மானிக்கும் விஷயமல்ல. அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகிறவர்கள் கூட்டத்தில் இருக்கவேண்டும்.

அகற்றும் முறைகள் பல. மண்ணைத் தோண்டி ஏற்றுவது விரைவானது, ஆனால் செலவு கூட. பாதுகாப்பான கிடங்கு இல்லாவிட்டால் நஞ்சு இன்னோர் ஊருக்குத்தான் போகும். பென்சீன் போல ஆவியாகக் கூடியவற்றை மண்ணிலிருந்து காற்றாக உறிஞ்சலாம். எண்ணெய் என்றால் பற்றீரியாவுக்கு ஒட்சிசனும் ஊட்டமும் கொடுத்துத் தின்னவிடலாம். நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் முறை பல தசாப்தங்கள் இழுபடுவதுண்டு. ஈயமும் பாதரசமும் தனிமங்கள், எந்தப் பற்றீரியாவாலும் அவற்றைச் சிதைத்து இல்லாமல் செய்யமுடியாது. தோண்டி எடுக்கவேண்டும், அல்லது சீமெந்தோடு கலந்து இறுக்கி மூடிவிடவேண்டும்.

மூடிவிட்டால் காவலும் வேண்டும். அமெரிக்காவின் நயாகரா ஃபோல்ஸ் நகரில், லவ் கனால் என்ற இடத்தில் 1942 முதல் 1953 வரை ஏறத்தாழ 21,000 தொன் இரசாயனக் கழிவைப் புதைத்தார்கள். அதன்மேல் பள்ளிக்கூடமும் அயலில் வீடுகளும் வந்தன. 1978இல் அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 1980இல் நச்சுக்கழிவு இடங்களைத் துப்புரவாக்குவதற்கான ‘சுப்பர்ஃபண்ட்’ சட்டம் பிறக்க அதுவே பெரிய தூண்டுதல். 2004இல் அந்த இடம், அச்சட்டத்தின் கீழ் முதலில் துப்புரவாக்கவேண்டிய இடங்களின் முன்னுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. கழிவு இன்றும் மூடிக்குக் கீழேதான் கிடக்கிறது. ஊறி வரும் நீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கிறார்கள், கண்காணிப்புக் கிணறுகளிலிருந்து மாதிரி எடுக்கிறார்கள். இப்படிக் கழிவு மிஞ்சிய இடங்களை ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது மீளாய்வு செய்யவேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் விதி.