கண்வலிக்கிழங்கு விதைக்குள் இருப்பது என்ன?

மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் கண்வலிக்கிழங்கு பூக்கும் பருவத்தில், காலையிலேயே ஆட்கள் பூவுக்குப் பூ நின்று மகரந்தத்தைக் கையால் தொட்டு வைப்பார்கள். செங்காந்தள் என்றும் சொல்லப்படும் இதன் பூவின் சூல்தண்டு அடியிலேயே மடங்கிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் தன் மகரந்தம் தன்மேல் விழுவது அரிது. தொட்டு வைத்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும். இத்தனை பாடும் விதைக்காக, அதிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின் என்ற ஆல்கலாய்டுக்காக, அதாவது ஒரு தாவர வேதிப்பொருளுக்காக.

நம் செல்களுக்குள் டியூபுலின் என்ற புரதம் ஒன்றோடொன்று கோத்து நுண்குழல்களாக நீள்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுப்பவை இந்தக் குழல்கள்தான். கோல்ச்சிசின் டியூபுலினைப் பற்றிக்கொள்ளும். அதன்பின் குழல் நீளாது.

கோல்ச்சிசின் மருந்தாவது கவுட் என்ற மூட்டு நோய்க்கு. அந்த நோயில் யூரிக் அமில உப்பு ஊசி ஊசியான படிகங்களாக மூட்டில் படிகிறது, பெரும்பாலும் கால் பெருவிரலில். அதை விழுங்க நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் திரண்டு வருவதால்தான், போர்வை பட்டாலே உயிர் போகிற வலி. கோல்ச்சிசின் அந்த வெள்ளணுக்களை முடக்குகிறது. யூரிக் அமிலம் குறையாது. வீக்கமும் வலியும் தணியும்.

எல்லாச் செல்லிலும் டியூபுலின் இருக்க, இவை மட்டும் ஏன் முடங்குகின்றன? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பல செல்களின் சவ்வில், உள்ளே வந்த அந்நியப் பொருளை வெளியே தள்ளும் புரதம் ஒன்று உண்டு. நியூட்ரோஃபிலில் அது மிகக் குறைவு. ஆகவே 0.5 மில்லிகிராம் மாத்திரையே அங்கே தேங்கிவிடுகிறது.

அளவு மீறினால் மற்றச் செல்களும் தப்பாது. ஓயாமல் பிரியும் குடல், எலும்பு மஜ்ஜைச் செல்கள் முதலில் அடிபடும். சர்க்கரைவள்ளி என்று எண்ணி இந்தக் கிழங்கை அவித்துத் தின்று இலங்கையில் உயிரிழந்தவர்கள் உண்டு. அவித்தாலும் நஞ்சு போகாது. சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. சில நாளில் வெள்ளணுக்கள் சரியும். பிழைத்தவர்களுக்கும் முடி கொட்டும். சித்த மருத்துவத்தில் இந்தக் கிழங்கைச் சுத்தி (நஞ்சு நீக்கும் முறை) செய்யாமல் பயன்படுத்துவதில்லை. வீட்டில் யாரும் இதைத் தொட்டுப் பார்க்கவே கூடாது.

மாத்திரையிலும் கவனம் வேண்டும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், வெளியே தள்ளும் அந்தப் புரதத்தையும் கோல்ச்சிசினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியையும் ஒருசேரத் தடுக்கிறது. வழக்கமான அளவே நஞ்சாகிவிடும். கவுட்டுக்குக் கோல்ச்சிசின் சாப்பிடுபவர்கள், காய்ச்சல், இருமல் என்று எந்த மருத்துவரிடம் போனாலும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.