பீம்ஃபார்மிங் என்னும் கற்றையாக்கம்

ஆண்டெனா அனுப்பும் ரேடியோ அலையை எல்லாப் பக்கமும் சிதறவிடாமல், வேண்டிய திசையில் குவித்து அனுப்பும் முறைக்கு பீம்ஃபார்மிங் என்று பெயர். தமிழில் கற்றையாக்கம் என்கிறோம்.

ஆங்கிலத்தில் பீம் என்பதன் பழைய பொருள் மரம். அதுவே உத்திரத்துக்குப் பெயராகி, தூண்போல் நீளும் ஒளிக்கும் ஆயிற்று. தமிழில் கற்றை என்பது பல இழைகளின் தொகுதி: வைக்கோல் கற்றை, கூந்தல் கற்றை. இந்த நுட்பத்துக்குத் தமிழ்ச் சொல்தான் நெருக்கம் என்பேன். காரணம், பல ஆண்டெனாக்கள் சேர்ந்துதான் இங்கே கற்றையை உண்டாக்குகின்றன. எல்லாம் அனுப்புவது ஒரே சமிக்ஞையைத்தான், ஆனால் இம்மி முன்பின்னாக. ஒரு திசையில் முகடோடு முகடு சேர்ந்து அலை வலுக்கும். மற்றத் திசைகளில் முகடும் பள்ளமும் சந்தித்து அடங்கும். அந்த முன்பின்னை மாற்றினால் போதும், ஆண்டெனா அசையாமலே கற்றை திரும்பும். ஜெர்மன் இயற்பியலாளர் ஃபெர்டினாண்ட் பிரவுன் 1905-இலேயே மூன்று ஆண்டெனாக்களை வைத்து இதைச் செய்து காட்டினார்.

அப்புறம், அலைக்கற்றையாக்கம் என்று எழுத வேண்டாம். அலைக்கற்றை என்பது ஏலம் விடும் ஸ்பெக்ட்ரத்துக்கு என்று செய்தித்தாள்களில் நிலைத்துவிட்டது.

குறுந்தொலைவுக் கருவிகளில் இதன் தேவை அதிகம். அவற்றில் சில 60 கிகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் இயங்குகின்றன. அங்கே அலைநீளம் 5 மில்லிமீட்டர்தான். அதில் பாதி இடைவெளி விட்டு வைத்தால் 16 ஆண்டெனாக்கள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கும். காற்றிலுள்ள ஆக்சிஜனே இந்த அலையை உறிஞ்சும், கான்கிரீட் சுவர் தடுத்துவிடும். ஆகவே பக்கத்து வீட்டால் பெரிய தொல்லை இல்லை. குறுக்கீடு வருவது ஒரே கூடத்துக்குள்தான்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை. ஒரே தளத்தில் நாலைந்து விளம்பரத் திரைகள், ஒவ்வொன்றுக்கும் கம்பியில்லாமல் படம் அனுப்பும் ஒரு பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி முதலில் கற்றையைத் திசை திசையாகத் திருப்பும். எது நன்றாகக் கேட்டது என்று திரை பதில் அனுப்பும். 2012-இல் வந்த 802.11ஏடி என்னும் 60 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தரத்தில் இந்தத் தேடலுக்கு வழி இருக்கிறது. நடுவில் வாடிக்கையாளர் வந்து நின்றால் அவர் உடம்பே அலையை மறைக்கும். அப்போது சுவரில் பட்டுத் திரும்பும் வழிக்குக் கற்றையை மாற்றலாம். பக்கத்துத் திரை இருக்கும் திசையில் அலை முழுதும் அடங்கும்படி அமைக்கவும் முடியும்.

சரி, எல்லாம் தீர்ந்ததா? இல்லை. இரண்டு திரைகள் ஒரே நேர்கோட்டில் இருந்தால் கற்றை இரண்டிலும் விழும். இன்னொன்று, சாதாரண வைஃபை அனுப்புமுன் காற்றில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுப் பார்க்கும். ஒரு பக்கமே செவிசாய்த்த பெட்டிக்கு மற்றப் பக்கப் பேச்சு கேட்காமல் போகிறது. அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் நேரம் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.