குழாய்ல தண்ணி எப்ப ஒழுங்கா போகுது, எப்ப கொந்தளிக்குது?

காரைக்குடி பக்கத்து பழைய வீடுகள்ல வளவு ஓரமா ஒரு பித்தளைக் குழாய் இருந்தா அதைக் கொஞ்சமா திறந்து பாருங்க. தண்ணி கண்ணாடிக் கம்பி மாதிரி இறங்கும், ஓடுதா நிக்குதான்னே தெரியாது. இன்னும் கொஞ்சம் திருகினா மேலெல்லாம் சொரசொரன்னு ஆகி சலசலன்னு சத்தமும் வந்துடும். (முனையில சல்லடை வச்ச புதுக் குழாய்ல இது தெரியாது, அது காத்தைக் கலந்து விடும்.)

முதல்ல பார்த்தது லேமினார், அதாவது சீரான ஓட்டம். குழாய்க்குள்ள தண்ணி அடுக்கடுக்கா வழுக்கிட்டுப் போகும், சுவரைத் தொடுற அடுக்கு நகரவே நகராது, நடுவுல இருக்கிறதுதான் வேகமா போகும், ஒரு அடுக்கு இன்னொண்ணோட கலக்காது. ரெண்டாவது டர்புலன்ட், கொந்தளிப்பு. பெரிய சுழல் உடைஞ்சு சின்னச் சுழலாகி, அதுவும் உடைஞ்சு, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்.

1883ல ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ்ங்கிற இன்ஜினியரிங் பேராசிரியர் இங்கிலாந்துல மான்செஸ்டர்ல கண்ணாடிக் குழாய்ல ஓடுற தண்ணிக்குள்ள சாயத்தை விட்டுப் பார்த்தாரு. மெதுவா ஓடினப்ப சாயம் நூல் மாதிரி நேரா போச்சு, வேகம் ஒரு அளவைத் தாண்டினதும் கலைஞ்சு குழாய் முழுக்கப் பரவிடுச்சு. ஆனா வேகம் மட்டுமே இதைத் தீர்மானிக்கிறதில்ல, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். அடர்த்தி, வேகம், குழாய் விட்டம் மூணையும் பெருக்கி பிசுபிசுப்பால (லேசா ஓட விடாம இழுக்குற குணம்) வகுத்தா வர்றதுதான் ரெனால்ட்ஸ் எண். குழாய்ல இது சுமார் 2300க்குக் கீழ இருந்தா சீரா ஓடும், 4000ஐத் தாண்டினா பொதுவா கொந்தளிப்புதான், நடுவுல ரெண்டும் மாறி மாறி வரும்.

நம்ம வீட்டு அரை இஞ்ச் பைப்புக்குக் கணக்குப் போட்டா நிமிஷத்துக்கு சுமார் 1 லிட்டர் வர்ற வரைக்கும்தான் சீரான ஓட்டம். ஒரு வாளியை அந்த வேகத்துல யாரு நிரப்புவா? அதனால வீட்டுப் பைப்புக்குள்ள பெரும்பாலும் கொந்தளிப்புதான். அதே பைப்புல அதே வேகத்துல செக்கு நல்லெண்ணெயை விட்டா சமத்தா போகும், ஏன்னா அதோட பிசுபிசுப்பு தண்ணியைவிடப் பல மடங்கு அதிகம்.

இதுல காசு விஷயமும் இருக்கு. சீரான ஓட்டத்துல தண்ணியை ரெண்டு மடங்காக்க பைப் உராய்வுக்கு ரெண்டு மடங்கு அழுத்தம் போதும், கொந்தளிப்புல கிட்டத்தட்ட நாலு மடங்கு வேணும். மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுறவங்க பெரிய மோட்டார் வாங்குறதுக்கு முன்னாடி பைப்பை ஒரு சைஸ் பெரிசாக்கலாமான்னு கேட்டுப் பாருங்க, பெரிய பைப்புல அதே தண்ணி மெதுவா போகும், உராய்வும் குறையும்.