மடைத்தூணில் கல் எத்தனை முங்கியிருக்கு?

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க்குப் பெரியப்பாதான் நீர்பாய்ச்சி. ஐப்பசியில் ராத்திரி முழுக்க மழை கொட்டினால், விடிந்ததும் கரைக்குப் போய் நிற்பார். "எவ்வளவு மழை பெரியப்பா?" என்று கேட்டால் பிடிக்காது. "மழையை விடுறா, மடைத்தூண்ல கல் எத்தனை முங்கியிருக்குன்னு பாரு" என்பார். ராத்திரி பெய்தது எவ்வளவு என்பதில்லை, கண்மாயில் மொத்தம் சேர்ந்து நிற்பது எவ்வளவு என்பதுதான் அவருக்குக் கணக்கு.

பருவநிலை மாற்றத்தின் சுமையை யார் எவ்வளவு ஏற்பது என்று கேட்கும் பருவநிலை நீதிக்கு அடியில் இருக்கும் அறிவியலும் இதேதான். பூமியைச் சூடாக்குவது இந்த வருஷத்துப் புகை மட்டுமில்லை, இதுவரை சேர்ந்து கிடக்கிற மொத்தமும். நாம் விடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய பாதியைக் கடலும் மரமும் மண்ணும் இழுத்துக்கொள்கின்றன. மிச்சம் காற்றில் தங்குகிறது. அதில் ஒரு பங்கு ஆயிரம் வருஷம் கழித்தும் போகாது. வரத்து பெரிசு, மடை சின்னது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு கார்பன் டை ஆக்சைடு. 1958-இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420-க்கு மேல்.

அப்படியென்றால் 19-ஆம் நூற்றாண்டில் எரித்த நிலக்கரியும் இன்றைய கணக்கில் இருக்கிறது. சேர்ந்ததில் ஏறக்குறைய கால்வாசி அமெரிக்காவுடையது, இந்தியாவுடையது 3 சதவீதம் அளவுதான். சரி, வருஷக் கணக்கில் நாமும் இன்று மூன்றாம் இடம். அதை மறைப்பது நியாயமில்லை. ஆனால் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தால் நமக்குச் சுமார் 2 டன், அமெரிக்கருக்கு 14 டன்.

சூடு ஒரு டிகிரி ஏறினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவி பிடிக்கும். அதனால் பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. 2024 அக்டோபரில் மதுரை செல்லூரில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததற்கு அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். கால்வாயைச் சுருக்கிவிட்டு வானத்தைத் திட்ட முடியாது.

ஊரார் சேர்ந்து கண்மாயைச் சீர்செய்யும் குடிமராமத்தில், அந்தக் கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு நிலம் அதிகம் உள்ளவர் அதிக ஆள் அனுப்ப வேண்டும். 1992 ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையில் உள்ள 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு' கிட்டத்தட்ட இதுதான். வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக 2009-இல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் சொன்னன. அந்தத் தொகையை எட்டியது 2022-இல். அதிலும் பெரும்பகுதி கடன்.

கரையை முன்கூட்டியே உயர்த்துவது ஒரு செலவு. உடைந்தபின் போன பயிருக்கும் வீட்டுக்கும் ஈடு தருவது வேறு செலவு. 'இழப்பு, சேத நிதி' என்பது இந்த இரண்டாவது. சிறு தீவு நாடுகள் 1991 முதலே கேட்டு வந்தது, 2022-இல் எகிப்தில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதே வருஷம் பாகிஸ்தான் வெள்ளத்தில் சேதமும் இழப்பும் சேர்ந்து சுமார் 3,000 கோடி டாலர். மறுவருஷம் துபாய் மாநாட்டில் எல்லா நாடுகளுக்குமாகச் சேர்த்து அந்த நிதிக்கு வந்த வாக்குறுதி, ஏறத்தாழ 70 கோடி டாலர்.