பூட்ஸுக்குள் ஒரு வானிலை

ஜூலை மாதம் தோல் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, போடிக்குப் பக்கத்துக் குரங்கணியிலிருந்து மலைமேல் இருக்கிற டாப் ஸ்டேஷனுக்கு ஏறினால் பத்தடிக்கு அப்பால் நிற்கிற ஆள் தெரியாது. மூடுபனி அப்படி அடைத்துக்கொண்டிருக்கும். காற்றின் ஈரப்பதம் நூறு சதவீதத்தை ஒட்டி நிற்கும். அதே பூட்ஸோடு கொச்சியில் கடலோரம் நடந்தால் ஈரப்பதம் எண்பதுதான். ஆனால் மலையிறங்கிக் கழற்றும்போது காலுறை லேசாகத்தான் நனைந்திருக்கிறது. கொச்சியில் பிழிந்தால் சொட்டுகிறது. போடிக்காரனான எனக்கு இது பல வருடம் புரியாமலே இருந்தது.

விடை காலிலிருந்தே தொடங்குகிறது. உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களில் உள்ளங்கால் ஒன்று. ரத்தத்தை நேராகத் தோலுக்கு அருகே கொண்டுவந்து சூட்டை வெளியேற்றும் சிறப்புக் குழாய்களும் அங்கே உண்டு. ஆனால் வியர்வை வெறுமனே வழிந்தால் கால் குளிராது. அது ஆவியாக வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அரை லிட்டருக்கு மேலான தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க எடுக்க வேண்டிய வெப்பம் அது. சித்திரை மாதம் போடியில் காற்று 38 டிகிரிக்குப் போகும்போது வெளியே இருப்பது நம் தோலைவிடச் சூடான காற்று. அப்போது காலுக்கு இருக்கிற ஒரே வழி ஆவியாதல்தான்.

ஆவி எந்தப் பக்கம் போகும் என்பதை ஈரப்பத சதவீதம் தீர்மானிப்பதில்லை. ஆவியின் அழுத்தம்தான் தீர்மானிக்கிறது. சூடான காற்றில் நீராவி அதிகம் தங்கும், குளிர்ந்த காற்றில் குறைவு. பூட்ஸுக்குள் 33 டிகிரி, முழு ஈரம் என்று வைத்துக்கொண்டால் உள்ளே ஆவியழுத்தம் சுமார் 5 கிலோபாஸ்கல். மலையில் 18 டிகிரி மூடுபனி நூறு சதவீதம் ஈரமாக இருந்தாலும் அதன் ஆவியழுத்தம் 2 கிலோபாஸ்கலைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கொச்சியில் 32 டிகிரி, 80 சதவீதம் என்றால் 3.8. ஆகவே ஆவியை வெளியே தள்ளும் வித்தியாசம் மலையில் 3, கடலோரத்தில் 1.2. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

தள்ளும் விசை இருந்தால் போதாது, கதவும் திறந்திருக்க வேண்டும். அந்தக் கதவு பூட்ஸின் தோல்.

தோல் என்பது கொலாஜன் என்ற புரத நாரின் பின்னல். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு அது என்ற அமைப்பை 1954-இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ராமச்சந்திரன் எர்ணாகுளத்தில் பிறந்தவர். நம் காலில் கிடக்கிற பொருளின் உள்ளமைப்பு இங்கே, நம் பக்கத்தில் கண்டறியப்பட்டது என்பதைப் பள்ளிக்கூடங்களில் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

பச்சைத்தோல் காய்ந்தால் பலகையாகும், நனைந்தால் அழுகும். பதனிடும்போது ஆவாரம்பட்டையின் துவர்ப்புச் சத்தோ குரோமிய உப்போ அந்தக் கயிறுகளுக்கு நடுவே புகுந்து கட்டிப்போடுகிறது. அதன் பிறகு தோல் ஷாப்பில், அதாவது பதனிடும் ஆலையில், ஈரத் தோலுக்கு எண்ணெய் ஏற்றுவார்கள். நாரும் நாரும் ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு கிடக்க அதுதான் காரணம். நார்களுக்கு இடையில் மிஞ்சும் சந்துகள் வழியாகவும், ஈரத்தை உறிஞ்சி வெளிப்பக்கம் கடத்தும் நார்கள் வழியாகவும் ஆவி வெளியேறுகிறது.

பராமரிப்பில் நாம் செய்கிற தவறுகள் எல்லாம் இந்தச் சந்துகளைக் கெடுப்பவைதான். மழைக்குப் பயந்து தேங்காயெண்ணெயை ஊற்றித் தேய்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்து முழுக்க எண்ணெய் அடைத்து ஆவி நின்றுவிடும், தோலும் தொளதொளத்து கணுக்காலைப் பிடிக்காது. தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவதால் மூணாறு குளிரில் வெள்ளையாகப் பூத்தும் நிற்கும். பாலிஷை அடுக்கடுக்காக அப்பினாலும் இதே கதை. பளபளப்பு கூடக் கூடக் கால் வேகும். அட்டைக்குப் பயந்து பூட்ஸின் மேல் உப்புத் தேய்ப்பதும் வேண்டாம். உப்பு தோலை விறைக்க வைக்கும்.

நான் செய்தது வேறு தவறு. ஒருமுறை முழுக்க நனைந்த பூட்ஸை விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். பட்டையில் பதனிட்ட தோல் அது. காலையில் முன்பகுதி சுருங்கி, தட்டினால் கொட்டாங்குச்சி மாதிரி சத்தம் கேட்டது. ஈரமான தோல் ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் அந்த முறுக்குக் கயிறு அவிழ்ந்து சுருண்டுவிடும். பச்சைத்தோலுக்கு அது 60 டிகிரிக்குச் சற்று மேல், பட்டைத் தோலுக்கு 75 முதல் 85 வரை, குரோமியத் தோலுக்கு நூறை ஒட்டி. அவிழ்ந்ததைத் திரும்ப முறுக்க எந்த எண்ணெயாலும் ஆகாது.

எனவே இப்போது செய்வது இதுதான். வந்ததும் பூட்ஸ் கயிற்றை நன்றாகத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, உள்ளட்டையை உருவித் தனியே காயவைக்கிறேன். சேற்றை ஈரத்துணியால் துடைக்கிறேன். சேறு காயக் காயத் தோலின் ஈரத்தையும் எண்ணெயையும் சேர்த்தே உறிஞ்சிக்கொள்ளும். பழைய தினத்தாளைக் கசக்கித் திணித்து, நனைந்ததும் மாற்றி, நிழலில் மின்விசிறிக் காற்றில் வைக்கிறேன். முக்கால்வாசி காய்ந்து தொட்டால் சில்லென்று இருக்கும்போதே தோலுக்கான பதக் களிம்பை மெல்லிசாகத் தடவிவிட வேண்டும். தண்ணீர் விட்டுப்போகிற இடத்தில் நார்கள் ஒட்டிக்கொள்வதற்குள் எண்ணெய் போய்ச் சேரும். மெழுகு தையல் ஓரத்துக்கும் மூக்குக்கும் மட்டும் போதும்.

எப்போது தடவுவது? ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டால் தேவையில்லை. உடனே கறுத்து உள்ளே இறங்கினால் தடவுங்கள்.

காலுறையில் பருத்தியை மலைக்கு எடுத்துப் போகாதீர்கள். அது தண்ணீரைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். காலின் ஈரத் தோல் காய்ந்த தோலைவிட அதிகமாக உரசும், கொப்புளம் வரும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஆவியை நாருக்குள் வாங்கிக்கொண்டும் ஈரம் காட்டாது. வெயில் ஊர்க்காரர்களுக்குக் கம்பளி என்றதும் வேர்க்கும், தெரியும். மெல்லிய கம்பளிக் காலுறை ஒன்றை ஒரு நாள் போட்டுப் பாருங்கள். நடுவழியில் தேநீருக்கு உட்காரும்போது பூட்ஸைக் கழற்றிப் பத்து நிமிடம் காலைக் காற்றில் நீட்டி, காலுறையைப் பாறையில் விரித்துவிட்டாலே அடுத்த ஏற்றத்துக்குக் கால் புதிதாக இருக்கும்.

மழை முடிந்து எடுத்து வைக்கும்போது பிளாஸ்டிக் பையில் கட்டிவிடாதீர்கள், பூசணம் பிடிக்கும். அடிப்பாகத்தின் நடுவே பாலியூரித்தேன் நுரை இருந்தால் வைத்த இடத்திலேயே ஈரக்காற்று அதைப் பொடியாக்கும்; நடக்க நடக்க ஆயுள் கூடும் ரகம் அது. அடுத்த பயணத்துக்கு முந்தின வாரமே எடுத்து, குதிகால் பக்கம் விரலால் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.