எட்டுக் காயங்களோடு வாழ்ந்த இரட்டைக் கொண்டை டைனோசர்

டைலோஃபோசாரஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ‘ஜுராசிக் பார்க்’ திரைப்படத்தில் பார்த்த உருவம்: சிறிய உடல், கழுத்தைச் சுற்றி விரியும் தோல், நஞ்சு துப்பும் வாய். எலும்புகளில் அந்தத் தோலுக்கும் நஞ்சுக்கும் சான்றே இல்லை. உண்மையான விலங்கு 6 முதல் 7 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 400 கிலோ எடையும் கொண்டது. 18 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில், இன்றைய அமெரிக்காவின் அரிசோனா பகுதியில் அது வேட்டையாடித் திரிந்தது.

அதன் எலும்புகளை 1940-இல் முதலில் கண்டவர் ஜெஸ்ஸி வில்லியம்ஸ் என்ற நவஹோ பழங்குடி மனிதர். 1942-இல் தொல்லுயிர் ஆய்வாளர் சாமுவேல் வெல்லஸும் குழுவினரும் அவற்றைத் தோண்டி எடுத்தார்கள். மண்டையோடு நசுங்கியிருந்ததால் கொண்டை இருந்ததே அப்போது புலப்படவில்லை. 1964-இல் கிடைத்த இன்னொரு எலும்புக்கூடுதான் அதைக் காட்டிக்கொடுத்தது. 1970-இல் இன்றைய பெயர் வந்தது.

மூக்கெலும்பும் கண்ணுக்கு முன்னுள்ள எலும்பும் மேல்நோக்கி வளர்ந்து, தலையின் இருபுறமும் இரண்டு மெல்லிய தகடுகளாக நின்றன. முட்டி மோதினால் அவை நொறுங்கியிருக்கும். ஆகவே இணையைக் கவரவோ, தன் இனத்தை அடையாளம் காணவோ பயன்பட்டிருக்க வேண்டும் என்பதே பொருத்தமான விளக்கம். மண்டையோட்டு எலும்புகளுக்குள் காற்றறைகள் இருந்தன. அதனால்தான் அவ்வளவு பெரிய கொண்டையும் தலைக்குச் சுமையாகவில்லை.

மேல்தாடையின் முன்பகுதியில் ஓர் இடைவெளி உண்டு. அதை வைத்து, தாடை வலுவற்றது, செத்த விலங்குகளைத்தான் தின்றிருக்கும் என்று நெடுங்காலம் கருதினார்கள். 2020-இல் ஆய்வாளர்கள் ஆடம் மார்ஷும் திமோதி ரோவும் ஓரளவு முழுமையாகக் கிடைத்த எலும்புக்கூடுகளை ஒருசேர ஆராய்ந்து, வலிய தசைகளைத் தாங்கக்கூடிய தாடை அது என்று காட்டினார்கள்.

என்னை மிகவும் நெகிழவைப்பது அந்த முதல் எலும்புக்கூடு. 2016-இல் வெளியான ஆய்வு அதன் தோள்களிலும் முன்னங்கைகளிலும் எட்டுக் காயங்களையும் குறைபாடுகளையும் பட்டியலிட்டது. இடது தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. இடது முன்கை எலும்பும் முறிந்திருந்தது. கட்டைவிரலில் சீழ்க்கட்டி. வலது கையின் மூன்றாம் விரலை மடக்கவே முடியாது. எவ்வளவு வலித்திருக்கும்! ஆனாலும் முறிந்த எலும்புகள் கூடியிருக்கின்றன. அதாவது, அடிபட்ட பிறகும் அது பல மாதங்களாவது உயிரோடு இருந்திருக்கிறது. அந்த நாள்களில் இரையைக் கைகளால் பற்றுவது கடினமாக இருந்திருக்கும். பட்டினி கிடந்திருக்கலாம், இல்லாவிட்டால் வாயையும் கால்களையும் பெரிதும் நம்பி வேட்டையாடியிருக்கலாம்.